ஆறு மணி நாடித்துடிப்பு

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரி. உலகத் தரச் சான்றிதழ் கொடுக்க வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள் என்று, தியாகதுருகத்துப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த முப்பது பெண்களை வேனில் அள்ளிவந்து கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அரை நாள் படுத்துக் கிடந்தால் முழுக் கூலி, மதியம் பிரியாணி. ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளும் வாடகைக்குத்தான்.

தங்கமணிக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன். பக்கத்துக் கட்டிலில் அவள் அண்ணி செல்லியம்மாளுக்குக் குடலிறக்கம். எல்லாம் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் எழுதிவைத்த நோய்கள். ஆனால் செல்லியம்மாளுக்கு இரண்டு நாளாக நிஜமாகவே நெஞ்சு வலித்தது. இத்தனை டாக்டர்கள் இருக்கிற இடத்தில் ஒருத்தராவது பார்க்க மாட்டாரா என்றுதான் அவள் வேன் ஏறினாள்.

"சார், எங்க அண்ணிக்கு நெஞ்ச அடைக்குதாம். கொஞ்சம் பாருங்க சார்," என்று தங்கமணி பயிற்சி டாக்டர் பிரவீன்குமாரிடம் கெஞ்சினாள்.

"அவங்களுக்குக் குடலிறக்கம். கேட்டா வயித்து வலின்னு சொல்லணும். நெஞ்சு கிஞ்சுன்னு எதுனா உளறி வைக்காதீங்க."

கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பை அவன் தொடக்கூட இல்லை. பக்கத்தில் ஒரு நர்ஸ் நீலப் பேனாவையும் கறுப்புப் பேனாவையும் மாற்றி மாற்றி எடுத்து, அட்டைகளை மளமளவென்று நிரப்பிக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு வெள்ளைக்காரர்கள் நுழைந்தார்கள். பெரிய மனிதர் எதிரில் படுத்துக் கிடந்து பழக்கமில்லாத பெண்கள். இருபத்தொன்பது பேர் சடாரென்று எழுந்து கும்பிட்டு நின்றார்கள். இடுப்பு உடைந்த தங்கமணிதான் முதலில் நின்றாள். பிரவீன்குமாருக்கு முகம் செத்துவிட்டது. டீன் மட்டும் பதறவே இல்லை. சிரித்தபடி ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். வந்தவர்கள் கைதட்டினார்கள்.

"ஆபரேஷன் ஆன மூணாம் நாளே நடக்க வச்சிடறோம்னு சொல்லிட்டாரு," என்று பிரவீன்குமார் இளித்தான். தங்கமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்படியும் ஒரு பிழைப்பா!

எழ முடியாமல் வியர்த்துக் கிடந்தவள் செல்லியம்மாள் ஒருத்திதான். அத்தனை கட்டிலில் அவள் ஒருத்திதான் நோயாளி. அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

இரண்டு மணிக்கு வேன் ஹாரன் அடித்தது.

"அண்ணியால நடக்க முடியல சார். மூச்சு வாங்கிக்கினே இருக்குது."

"இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிச்சிம்மா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க."

பிரவீன்குமார் மூஞ்சியில் காறித் துப்பலாம் போலிருந்தது தங்கமணிக்கு. துப்ப நேரமில்லை, அண்ணியைத் தூக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் பழைய சீட்டைத்தான் கேட்பார்கள் என்று, கால்மாட்டு அட்டையைக் கழற்றி முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அபிநயா கேட்டதும் அதைத்தான். வாங்கிப் பார்த்தவர் சுவர்க் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"மணி இன்னும் மூணு கூட ஆவல. சாயங்காலம் ஆறு மணிக்கு நாடித்துடிப்பு எழுபத்திரண்டு, நார்மல்னு எழுதியிருக்கு. நாளைக்குப் பூரண குணமாயி வீட்டுக்கு அனுப்பிட்டதாவும் இருக்கு. இது இன்னாம்மா?"

தங்கமணி அட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டாள்.

"அதுல இருக்கறவங்க நாளைக்கி வூட்டுக்குப் போயிடுவாங்க டாக்டரம்மா. நீங்க இவங்களப் பாருங்க."