ருசியில்லாத மரம்

மரக்கரண்டிதானே, கடையில் கிடைக்காதா என்று கேட்பவர்கள் அந்த லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு வந்து அவன் மகளுக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டிக் காட்டட்டும். வாயால் கேட்பது சுலபம். மெக்கானிக்கும் அவன் மனைவியும் கடைத்தெருவில் இருந்த மரக்கரண்டிகளை எல்லாம் வாங்கி வந்து பார்த்தாகிவிட்டது. ஒன்று பெரிது, ஒன்றில் வார்னிஷ் நாற்றம், ஒன்று குழம்பு கிளறத்தான் லாயக்கு. மகள் எதையும் உதட்டில் படவிடவில்லை.

அவளுக்கு நான்கு வயது. பேச்சு வரவில்லை. யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். அவளுக்கு ஒத்துப்போகிற சாமான்கள் இந்த உலகத்தில் கொஞ்சம்தான். அவற்றில் முதலாவது அந்தப் பழைய கரண்டி. எங்கேயோ நடைபாதையில் வாங்கியது, என்ன மரமென்று விற்றவனுக்கே தெரிந்திருக்காது. அதில் ஊட்டினால் சாப்பிடுவாள். எவர்சில்வர் பட்டால் வீடு இரண்டாகும்படி கத்துவாள். வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மெக்கானிக் சமையலறை இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடினான். உள்ளே கரண்டியின் கழுத்து படக்கென்று முறிந்தது. அன்றிலிருந்து அவள் வயிற்றுக்குள் போனது தண்ணீர் மட்டும்தான். அதுவும் குழாயடியில் அவளாக உள்ளங்கையில் ஏந்தி நக்கியது.

பசை போட்டு ஒட்டினான். வாய்க்குள் போகிற சாமானுக்குப் பசை போடுவார்களா என்று மனைவி பிடுங்கிக்கொண்டாள். நூல் சுற்றிக் கட்டினார்கள். மகள் நாக்கால் நூலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சுவரில் வீசினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் போனில் சொன்னார்: "இன்னைக்கு ஒரு நாள் பாருங்க. நாளைக்குக் காலை வரைக்கும் எதுவும் சாப்பிடலைன்னா கூட்டிட்டு வந்துடுங்க. மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஆகணும்."

குழாய் என்றதும் மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன வருஷம் காய்ச்சலில் ஒரு முறை போட்டார்கள். பிடுங்கிவிடுகிறாள் என்று அந்தச் சின்னக் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். அவள் கத்திக் கத்தித் தொண்டை அடைத்து, கடைசியில் சத்தம் இல்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியதை அவன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநாள் பெற்றவளைக்கூடத் தொடவிடவில்லை. இன்னொரு முறை அதைப் பார்ப்பதற்கு அவனிடம் தெம்பில்லை.

"நானே செஞ்சிடறேன்" என்றான் மனைவியிடம்.

"நீங்களா? மரத்துல ஒரு ஆணி அடிச்சிருக்கீங்களா இதுவரைக்கும்?"

உண்மைதான். இரும்பும் கிரீஸும்தான் அவன் பிழைப்பு. மரம் அவனுக்குக் கதவாகவும் நாற்காலியாகவும் மட்டுமே பழக்கம். ஆனாலும் உடைந்த கரண்டியின் இரண்டு துண்டுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மரக்கடைக்குப் போனான்.

"இருக்கறதுலயே கெட்டியான மரமா ஒரு துண்டு குடுங்க."

மரக்கடைக்காரர் வாயாடி. "கப்பல் கட்டப் போறீங்களா தம்பி?"

"கரண்டி."

"ஓ. அப்ப சின்னக் கப்பல்" என்று தானே சிரித்துக்கொண்டு ஒரு தேக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தார். இவன் கேட்டதும் அதைத்தான். ஆட்களை ஏற்றி இறக்குகிற கம்பியாக இருந்தாலும் சரி, கரண்டியாக இருந்தாலும் சரி, கெட்டியாக இருந்தால் நல்லது என்பது இவன் கணக்கு. பக்கத்துக் கடையில் ஒரு உளிப் பெட்டியும் வாங்கினான். சிவப்புப் பிடி போட்டு, பெரிசிலிருந்து சின்னது வரை குடும்பப் படத்துக்கு நிற்பதுபோல் வரிசையாக இருந்தன. அத்தனையும் தட்டை. குழி தோண்ட ஒன்றுகூட இல்லை என்பது அவனுக்குத் தெரியவில்லை. கூர் என்று எதற்கும் இல்லை என்பதும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய துண்டுகளைச் சேர்த்து வைத்து, எந்திரப் பாகங்களை அளக்கும் காலிப்பரால் நீளம், கழுத்து, குழியின் ஆழம் எல்லாம் அளந்து மரத்தில் கோடு போட்டான். உளியை வைத்து அடித்தான். தேக்கு அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் ஓங்கி அடித்தான். உளி வழுக்கி இடது கட்டைவிரலின் அடிச்சதையில் பாய்ந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு, உளிகளை மூலையில் எறிந்துவிட்டு, தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினான். டிரில்லால் குடைந்து குடைந்து குழி எடுத்தான், இரும்பு ராவும் அரத்தால் ராவினான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். உச்சி வெயில் நேரத்தில் கரண்டி தயார். பழையதன் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று சொல்லலாம். காலிப்பருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மனைவி கஞ்சியை ஆற்றி, கரண்டியை நீட்டினாள். மகள் நாக்கு நுனியால் தொட்டாள். அவ்வளவுதான். துப்பினாள், பின்னால் நகர்ந்தாள், சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தாள். மனைவி ஓடிப்போய்ச் சுவருக்கும் தலைக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்தாள்.

"அளவெல்லாம் சரியாத்தானே இருக்கு!" என்றான் அவன்.

"அளவு சரியா இருந்தா? நாக்குல வச்சுப் பாத்தீங்களா நீங்க?"

வைத்துப் பார்க்கவில்லை. இப்போது வைத்தான். பழைய அலமாரியை நக்கியதுபோல் ஒரு கசப்பு நாக்கில் ஏறி நின்றது, தண்ணீர் குடித்தும் போகவில்லை. காலை முழுக்க மாங்கு மாங்கென்று உழைத்தவனுக்கு இது ஒன்று மட்டும் தோன்றவில்லையே. தலையில் அடித்துக்கொண்டான். அதற்கும் அந்த வெட்டுப்பட்ட கைதான் போயிற்று.

மறுபடி மரக்கடைக்கு ஓடினான். ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தவன் நேராகப் பலகை அடுக்குகளிடம் போனான். முதல் அடுக்கிலிருந்த பலகையின் விளிம்பில் நாக்கை வைத்தான். துப்பினான். அடுத்ததை நக்கினான்.

"யோவ்! என்னய்யா பண்றே? மருந்து தெளிச்ச மரம்யா அது! கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

அவன் நிறுத்தவில்லை. ஒன்று புளித்தது, ஒன்றில் மண்ணெண்ணெய்போல் ஒரு வாடை, ஒன்று நாக்கைச் சுருக்கிற்று. ஒரு வளர்ந்த ஆண் கையில் ரத்தத் துணியோடு கடை கடையாக இல்லை, கட்டை கட்டையாக நக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக் கடைக்காரருக்கு முதலில் சிரிப்பு வந்தது. கிட்டே வந்து அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"என்னாச்சு தம்பி? யாருக்குக் கரண்டி?"

சொன்னான்.

கடைக்காரர் அடுக்கின் அடியில் கைவிட்டு, பலகைகள் உருளாமல் முட்டுக் கொடுத்திருந்த வெளிறிய கட்டை ஒன்றை உருவினார். "இதைப் பாருங்க. மருந்து படாதது. என்ன மரம்னு எனக்கே தெரியாது. யாரும் கேக்கமாட்டாங்க, நானும் விக்கறதில்லை."

ஓரத்தைச் சீவிவிட்டு நக்கினான். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை நக்கினான். கசப்பில்லை, புளிப்பில்லை, வாசனையில்லை. வாயில் எதுவும் இல்லாததுபோலவே இருந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்தது.

"உளி என்ன வச்சிருக்கீங்க?"

"பெட்டி ஒண்ணு."

"அந்தச் சிவப்புப் பெட்டியா? அதால வெண்ணெயைக்கூட வெட்ட முடியாதே!" கடைக்காரர் தன் மேஜையிலிருந்து ஒரு குட்டைக் கத்தியும், நுனி அரைவட்டமாக வளைந்த ஒரு உளியும் எடுத்துக் கொடுத்தார். "ரெண்டு போதும். பிடிச்ச கை கத்திக்கு முன்னாடி வராம பாத்துக்கங்க. ஏற்கெனவே ஒரு விரலுக்கு வேலை வச்சாச்சு."

சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தான். கத்தி மரத்தில் போனதே தெரியவில்லை. சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் எந்தப் பக்கம் சீவுகிறோம் என்று பார்க்கவில்லை. நாருக்கு எதிராகப் போன கத்தி உள்ளே இறங்கி, கட்டையை நீளவாக்கில் பிளந்துவிட்டது. அவன் பேயறைந்தவன்போல் உட்கார்ந்திருந்தான். மகள் எதிரே தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கத்துவதைக்கூட விட்டுவிட்டாள்.

பிளந்ததில் ஒரு பாதியை எடுத்தான். இனி காலிப்பருக்கு வேலை இல்லை, அந்த அளவுக்கு மரமே இல்லை. கழுத்திலிருந்து குழிப் பக்கமாகச் சீவினால் கத்தி ஒழுங்காகப் போகிறது, திரும்பி வந்தால் முரண்டு பிடிக்கிறது என்பது பிடிபட்டது. துணியைத் தாண்டி ரத்தம் பட்ட இடத்தையெல்லாம் சீவி எறிந்தான். ஜன்னல் வெளிச்சம் மங்கும்போது கையில் ஒன்று இருந்தது. கரண்டி என்று யாராவது சொன்னால் நம்பலாம். ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி, குழிக்குள் உளித் தடம் அப்படியே தெரிந்தது.

மனைவி அதைக் கழுவி, கஞ்சியில் தோய்த்து, மகளின் உதட்டருகே கொண்டுபோனாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் கொண்டுபோனாள். இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மனைவி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு எழுந்து போய், ஆஸ்பத்திரிப் பையை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு அடுக்கினாள்.

மெக்கானிக் கரண்டியை எடுத்தான். எங்காவது சிராய் குத்துகிறதோ என்று வாய்க்குள் விட்டு நாக்கால் விளிம்பெல்லாம் தடவினான். ஒன்றும் குத்தவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. அதை வாயிலிருந்து எடுக்கவும் தோன்றாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான். வாயில் கரண்டியோடு அழுகிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அங்கே சிரிக்க யாரும் இல்லை.

ஒரு சின்னக் கை வந்து கரண்டியின் காம்பைப் பிடித்தது. இழுத்தது. அவன் பல்லை விட்டான். மகள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டியை மட்டும் பார்த்தாள். அவன் வாய்ச் சூட்டோடு அதைத் தன் வாயில் வைத்துக்கொண்டு சப்பினாள். பிறகு குழிப் பக்கத்தால் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினாள்.

"இங்க வா" என்றான் மனைவியிடம், சத்தம் வராத குரலில். "மெதுவா வா."

மனைவி கரண்டியை மெல்ல வாங்கி, கஞ்சி எடுத்து நீட்டினாள். மகள் வாயைத் திறக்கவில்லை. தாயின் மணிக்கட்டைப் பிடித்து, அப்பன் வாய்ப் பக்கம் தள்ளினாள். அவன் சாப்பிட்டான். அடுத்த வாய்க்குத் தன் வாயைத் திறந்தாள். விழுங்கினாள். மறுபடி மணிக்கட்டைத் தள்ளினாள். அவனுக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய்.

"கண்ணைத் துடைங்க" என்றாள் மனைவி. அவள் கண்ணும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. "கஞ்சியில ஏற்கெனவே உப்பு போட்டாச்சு."

அவன் துடைக்கவில்லை. கரண்டியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாரை அங்கே கொஞ்சம் குறுக்கே வெட்டிவிட்டான். இன்றைக்கு இல்லாவிட்டால் என்றைக்காவது அந்த இடத்தில் போகும். திங்கட்கிழமை தப்பித்தது, அதற்கப்புறம் எத்தனை நாள் இருக்கிறது!

"அந்த இன்னொரு பாதியை எடு. கத்தியையும்."

"இப்பவா?"

"இப்பவேதான். இதுவும் உடையும்."

"உடையட்டும், செய்யலாம். முதல்ல வாயைத் திறங்க" என்றாள் மனைவி. "உங்க முறை. அவ காத்துட்டிருக்கா."