இடது கைக்கு மூன்று மடங்கு கூலி

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கோயம்புத்தூரிலிருந்து வரும் ஒரு சிற்றிதழின் ஆசிரியர், "நீங்க அங்கதானே பல வருஷமா இருக்கீங்க, லாவோஸ்ல கூலி ஏன் இவ்வளவு கம்மின்னு ரெண்டு பக்கம் எழுதுங்களேன்" என்றார். ஒரு நாட்டை இரண்டு பக்கத்தில் மடித்து வைத்துவிடலாம் என்று நானும் தலையாட்டினேன். சவன்னகெட்டில், ஒரு தையற்கூடத்தின் மாடியில் இருக்கிறது என் வீடு. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு ஆரம்பித்தேன்:

கடல் இல்லாமை, சின்னஞ்சிறு சந்தை, மலைகள் மறித்த சாலைகள், குறைந்த உற்பத்தித்திறன் ஆகிய காரணங்களால் இந்நாட்டின்

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. அதை முடிக்கப்போவதில்லை. கீழே எப்போதும் ஆறு தையல் மெஷின்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். அன்று ஒன்று மட்டும் ஓடியது. அந்த அமைதியில் ஒரு வரி எழுத முடியவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கட்டுரை மாடியிலேயே தங்கிவிட்டது.

2

முதலில் புவாபானைப் பற்றி ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். குறைந்த கூலியைப் பற்றிய கதை என்றால் அதைக் கொடுக்கும் ஒரு முதலாளி வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே முதலாளி என் வீட்டுக்காரியான புவாபான்தான். ஆகவே முதல் வரைவில் அவள் கையில் தங்க வளையல்களை அடுக்கினேன், குரலைக் கரகரப்பாக்கினேன், மதியங்களில் மின்விசிறிக்கு அடியில் தூங்கவைத்தேன்.

எதுவும் ஒட்டவில்லை. நிஜப் புவாபானுக்கு ஊசி குத்திக் காய்த்த விரல்கள். யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் திட்டுவாள். தைக்கும் பெண்களோடு ஒரே கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றைப் பிய்த்து, ஒரே கிண்ணத்து மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்பாள். அவர்களுக்குக் கொடுத்ததுபோக அவளுக்கு மிஞ்சுவது அவர்கள் வாங்கியதைவிடக் கொஞ்சம்தான் கூட.

(வளையல்களை அடித்துவிட்டேன். கட்டுரைக்கு இருந்த ஒரே வில்லியும் போனாள்.)

பள்ளிப் பெண்கள் உடுத்தும் கருநீல நீளப் பாவாடைதான் அவள் பிழைப்பு. செப்டம்பரில் பள்ளி திறக்கும் என்பதால் ஆகஸ்டில் வேலை கழுத்தைப் பிடிக்கும். அந்த ஆகஸ்ட் பார்த்து அவளுடைய பெண்கள் ஒவ்வொருத்தியாக மேகாங் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தின் முக்டாகானுக்குப் போய்விட்டார்கள். கடைசியாகப் போனவள் லட்சமி.

[அச்சுப்பிழை அல்ல. லாவோ மொழியில் லட்சமி என்றால் ஒளிக்கதிர். நம் லட்சுமிக்கும் இவளுக்கும் உறவில்லை. அதை இவள் வீட்டைப் பார்த்தாலே தெரியும்.]

"மத்தவளுங்க போனது தாங்கிக்கலாம் வாத்தியாரே," என்றாள் புவாபான், மெஷினை நிறுத்தாமலே. "லட்சமி தைச்ச பாவாடைய உள்பக்கம் வெளியில தெரியற மாதிரி கட்டிக்கிட்டே பள்ளிக்கூடம் போகலாம். அப்படி ஒரு தையல்."

"கூலியக் கொஞ்சம் ஏத்திக் குடுத்தா?"

"நல்ல யோசனை. நீங்க மாடியில உக்காந்து யோசிச்சதா?" மெஷின் நின்றது. "கூலிய ஏத்தினா பாவாடை விலை ஏறும். ஏறினா அம்மாக்காரிங்க எல்லாம் பாலத்தைத் தாண்டிப் போய் முக்டாகான் சந்தையில வாங்கிட்டு வந்துருவாங்க. துணி அங்கேருந்து வருது, நூல் அங்கேருந்து வருது, ஜிப் அங்கேருந்து. எங்க பணம் கிப் மதிப்பு விழுந்தா எனக்கு முதுகு வலிக்குது. இப்ப பொண்ணுங்களும் அங்க. இந்தப் பக்கம் மிச்சம் நானும் கரண்டு பில்லும்தான்."

என் இரண்டு பக்கமும் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் எழுந்து முடியைக் கொண்டை போட்டாள்.

"போய் அவளக் கையோட கூட்டிட்டு வந்துடறேன்."

3

இந்தப் பகுதியை முதலில், ஆற்றின் மீது காலை வெயில் பொன்னாகப் பரவி என்று தொடங்கினேன். புவாபான் ஆற்றைப் பார்க்கவே இல்லை. பாலத்தைக் கடக்கும் பேருந்தில், மடியில் மூங்கில் குருத்துக் குழம்புப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, லட்சமியைத் திட்டவேண்டிய வசைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். நன்றிகெட்டவளே என்பது முதலில் வரவேண்டுமா, குழம்பைக் கொடுத்த பிறகா என்பதுதான் குழப்பம்.

முக்டாகானில் லட்சமி சேர்ந்திருந்த தையல் தொழிற்சாலையின் வாசலில் மதிய மணி அடித்தது. புதுச் செருப்பு சத்தமிட லட்சமி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா! திட்டத்தானே வந்தீங்க? குழம்பு ஆறிடும், சாப்பிட்டுட்டுத் திட்டுங்க."

மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வசைகள் ஒவ்வொன்றாகக் குழம்போடு உள்ளே போயின.

"என்னடி தைக்கிற இங்க?"

"விளையாட்டுச் சட்டை. அதுல இடது கை."

"அப்புறம்?"

"அப்புறமும் இடது கைதான்."

"வலது கை?"

"அது வேற வரிசைக்கா. அவங்க யாருன்னே தெரியாது. முழுச் சட்டையும் நான் பார்த்ததில்ல. போன வாரம் ரோட்டுல ஒருத்தன் அதே சட்டையப் போட்டுட்டுப் போனான். ஓடிப்போய் இடது கையப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தேன். திருடின்னு நினைச்சு அலறிட்டான்."

சம்பளத்தைச் சொன்னாள். தாய்லாந்துப் பணமான பாத்தில் சொன்னதைப் புவாபான் மனசுக்குள் கிப்பாக மாற்றிப் பார்த்தாள். தான் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு.

"முழுப் பாவாடைக்கு நான் ஒரு பங்கு குடுத்தேன். அரைச் சட்டைகூட இல்ல, ஒரு கைக்கு மூணு பங்கா?"

கோபம் வந்தது. யார்மீது படுவது என்று தெரியாமல் அது கொஞ்ச நேரம் அலைந்து, கடைசியில் சிரிப்பாக வெளியே வந்தது. லட்சமியும் சிரித்தாள்.

4

மேற்பார்வையாளன் பைரோட் தாய்லாந்துக்காரன்தான் என்றாலும் இரு கரையிலும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். லட்சமி கெஞ்சியதால் புவாபானை உள்ளே விட்டான். (அப்படியெல்லாம் விடுவார்களா என்று கேட்காதீர்கள். மிச்சமிருந்த மூங்கில் குருத்துக் குழம்பு அவனுக்குத்தான் போயிற்று.)

அங்கே மெத்தை கனத்துக்குத் துணியை அடுக்கி ஒரு மெஷின் ஒரே வீச்சில் வெட்டிக்கொண்டிருந்தது. தன் வீட்டுத் தரையில் மண்டியிட்டு, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொன்றாக வெட்டும் புவாபானுக்கு அதைப் பார்த்ததும் முழங்கால் வலித்தது.

"என்ன விலை தம்பி இது?"

சொன்னான்.

"என் வீட்ட வித்தாலும் வராது."

"வந்தாலும் வாங்காதீங்கக்கா. காலையில ஓட்டினா மத்தியானத்துக்குள்ள உங்க ஊர்ப் பள்ளிக்கூடப் பொண்ணுங்க எல்லாருக்கும் பாவாடை வெட்டி முடிச்சிடும். அப்புறம் வருஷம் முழுக்க அது மேல துணி காயப்போடுவீங்களா?"

நான் முடிக்காமல் விட்ட வாக்கியத்தின் பாதி இதுதான். ஒரு நாள் ஓடி ஒரு வருடம் தூங்கும் மெஷினை யாரும் வாங்கமாட்டார்கள். மெஷின் இல்லாத இடத்தில் விரல் எத்தனை வேகமாக ஓடினாலும் கூலி நடந்துதான் வரும்.

பேச்சினூடே புவாபானின் கை தன்பாட்டுக்குப் பக்கத்துக் குவியலிலிருந்து கோணல் காலர்களைப் பொறுக்கித் தனியே வைத்துக்கொண்டிருந்தது. பைரோட் அதைக் கவனித்தான்.

"அக்கா, வரிசையப் பார்த்துக்க ஆள் தேடிட்டிருக்கோம். நீங்களே வந்துடுங்களேன்."

அவன் சொன்ன சம்பளம், ஆறு மெஷின்களும் ஓடிய நல்ல மாதத்தில் அவளுக்கு மிஞ்சியதைவிட அதிகம். வேலைக்காரியைக் கூட்டிப்போக வந்த முதலாளிக்கு வேலை கிடைத்துவிட்டது.

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

லட்சமி கண்கலங்கி அக்காவோடு திரும்புகிறாள். (லட்சமியிடமே படித்துக் காட்டினேன். "உங்களுக்குப் பைத்தியமா வாத்தியாரே?" என்றாள்.)

புவாபான் அந்த வேலையில் சேர்ந்து, வாடகைக்கு அறை எடுத்து, சனிக்கிழமைகளில் மட்டும் ஊரில் இருக்கும் கணவனைப் பார்க்க வந்து (இது நடக்கக்கூடியதுதான். ஊரில் பாதிப் பேருக்கு நடந்தது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

உண்மையில் நடந்தது இது. புவாபான் வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்தாள். போனால் காசு. போகாவிட்டால் நாலு பேருக்குச் சோறுபோட்ட ஆறு மெஷின்களாவது துருப்பிடிக்காமல் மிஞ்சும். ஆசைப்பட்டாள் என்பதை மறைக்கவில்லை. "மனசு பாதிப் பாலம் வரைக்கும் போய்ட்டுப் போய்ட்டு வந்துச்சு" என்றாள் பின்னால். பிறகு எழுந்து உள்ளே வந்தாள்.

"தம்பி, நான் வரல. வெட்டின துணிய எங்க பக்கம் அனுப்புங்க. தைச்சு அனுப்பறோம்."

பைரோட் யோசித்தான். "ஆபீஸ்ல கேட்டா சரின்னுதான் சொல்வாங்க. உங்க பக்கம் கூலி கம்மி."

"அப்ப நாளைக்கு நான் கூலிய ஏத்தினா?"

அவன் நல்லவன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வேற எங்கயாவது கம்மியா இருப்பாங்கக்கா."

வாக்கியத்தின் மறுபாதி. வேலை நம்மைத் தேடி வருவது நாம் மலிவு என்பதால். வந்த வேலை தங்குவது நாம் மலிவாகவே இருந்தால். கட்டுரையாளன் இங்கே பேனாவை மூடிவிடலாம். புவாபான் மூடவில்லை.

"சரி, அப்ப கைய மட்டும் அனுப்பாதீங்க. முழுச் சட்டையா அனுப்புங்க. நாங்க தைக்கிறது சரியா இருக்கான்னு பார்க்க உங்க ஆள் ஒருத்தர் வேணும்ல? லட்சமிய அனுப்புங்க. சம்பளம் நீங்க குடுங்க, இங்க குடுக்கிறதையே."

லட்சமியின் கண் விரிந்தது. "அப்ப நீங்க தைச்சத நான் பிரிக்கச் சொல்லலாமாக்கா?"

"சொல்லித்தான் பாரேன்!"

6

அலுவலகம் மூன்று மாத வெள்ளோட்டத்துக்கு ஒப்புக்கொண்டது. பள்ளிப் பாவாடைகளை லட்சமி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தைத்துக் கொடுத்தாள். அப்படியும் சில பிள்ளைகள் போன வருடப் பாவாடையில்தான் போனார்கள். மழை விட்டதும் முதல் லாரி சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. துணிக்கட்டுகளைத் தெருவே சேர்ந்து சுமந்தது; சுமந்த பெண்களில் சிலர் காலி மெஷின்களில் உட்கார்ந்தார்கள். முதல் நாளே லட்சமி புவாபானின் தோள்பட்டைத் தையலைப் பிரிக்கச் சொன்னாள். புவாபான் பிரித்தாள், அந்த ஊரில் இதுவரை கேட்காத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே. அன்று கூடத்தில் எழுந்த சிரிப்பில் என் தேநீர்க் கோப்பை அதிர்ந்தது.

7

வெள்ளோட்டம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று புவாபானிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே எழுதறீங்க."

எனக்கும் தெரியாது. ஆனால் இன்று மதியம், போன பெண்களில் ஒருத்தி திரும்பிவந்து தையற்கூட வாசலில் நிற்கிறாள். தோளில் பை. அங்கே வாடகை போக, ஊருக்கு அனுப்பியது போக எவ்வளவு மிஞ்சியது என்பது அவளுக்குத்தான் தெரியும். புவாபான் கூலியைச் சொல்லிவிட்டாள். முன்பைவிட அதிகம், அந்தப் பக்கத்தைவிடக் குறைவு. சொல்லிவிட்டு, சோற்றுக் கூடையின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. அங்கே நிற்பது நீங்கள்தான். கையைக் கழுவிவிட்டு உட்காரலாம், "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் புவாபான் முதலில் கேட்கப்போவது ஒன்றைத்தான்.

நீங்கள் சாப்பிட்டாயிற்றா?