எண்ணெய்க் கையும் களிமண்ணும்

மலேசியாவில், ஈப்போ நகருக்கு வெளியே, ரப்பரை விட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்ட ஒரு தோட்டத்தில், முன்பு ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்ட கொட்டகை ஒன்று இருக்கிறது. ஷர்மினி அதை வாடகைக்கு எடுத்து, சக்கரமில்லாமல் கையாலேயே மண்பாண்டம் செய்யக் கற்றுத் தருகிறாள். ஞாயிறு காலைகளில் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து பனி இறங்கி வாசல்வரை வந்து நிற்கும். சுவர்களில் ஏறிய புகைவாசம் ஈர மண்ணின் வாசனையோடு கலந்து, விழித்திருப்பவர்களையும் பாதித் தூக்கத்தில் வைத்திருக்கும்.

அங்கே கற்க வரும் பதுருன்னிசா, கணவருக்குப் பிறகு சாப்பாட்டுக் கடையை நடத்தி, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வீசியவர். மணிக்கட்டு வலியால் கடையை விட்டுவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை மகன் ஸைஃபுல் அவரைத் தெலுக் இந்தானுக்கு, தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். அங்கே இருப்பதெல்லாம் மருமகள் ஷஹீரா பார்த்துப் பார்த்து வாங்கிய சாமான்கள். அவற்றுக்கு நடுவே தான் செய்த தண்ணீர்ச் சாடி ஒன்று இருக்கவேண்டும் என்பது பதுருன்னிசாவின் ஆசை. இதுவரை அவர் கை செய்ததெல்லாம் பசியாறும் நேரத்தோடு தீர்ந்துபோனவை.

மண்ணைக் கயிறாகத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கினால் சாடி எழும்பும். திரிக்கும்போது அவர் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். உள்ளங்கைக்கு அடியில் மண் நீண்டுகொண்டே போகும். கடையும் தெருவும் காலை நேரக் கூச்சலும் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் எங்கோ தூரத்தில் அசையும். யாராவது கூப்பிட்டால் அவர் மெதுவாகத்தான் மேலே வருவார்.

இரண்டு வாரமாகக் காய்ந்த சாடியை அன்று சுடுவதாக இருந்தது. மேலே தளர்வாகப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக்கை எடுத்தபோது சாடி வளையங்களாகப் பிரிந்து சாய்ந்திருந்தது.

"ஆன்ட்டி, கோடு கீறினீங்களா? மண் கூழ் தடவினீங்களா?" என்றாள் ஷர்மினி.

"நீ சொன்னபடிதான்மா எல்லாம் செஞ்சேன்."

ஷர்மினி ஒரு வளையத்தை எடுத்துப் பார்த்தாள். அது மினுமினுத்தது. விரிசலை நனைத்துப் பார்க்க, பதுருன்னிசாவின் பக்கத்திலிருந்த கிண்ணத்தில் விரலை விட்டாள். மற்றவர்கள் கிண்ணத்தில் தண்ணீர். இதில் எண்ணெய்.

"இது என்ன ஆன்ட்டி?"

"கையில ஒட்டக்கூடாதுலா. மாவு பிசையறவங்க எப்பவும் அப்படித்தான்."

எதிரே ஒரு தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் தர்மா தலை நிமிர்ந்தார். "அக்கா, சாடி வேணாம்லா. கல்லுல போட்டு ரெண்டு முட்டை ஊத்துங்க. நான் கறிக்குழம்பு கொண்டாறேன்."

"உன் தட்டுல வச்சா குழம்பு ஓடிப்போயிரும் தம்பி. முதல்ல அதை நிமித்து."

ஷர்மினி சிரித்தாள், ஆனால் உடனே நிறுத்திக்கொண்டாள். "எண்ணெய் பட்ட மண் ஒன்னோட ஒன்னு சேராது, ஆன்ட்டி. புதுசாத்தான் செய்யணும். காயவே ரெண்டு வாரம் ஆகும், அப்புறம்தான் சுடலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது. என்கிட்ட சுட்ட சாடி ஒன்னு இருக்கு, எடுத்துட்டுப் போங்களேன்."

"உன் சாடி அங்க போய் என்ன செய்யப்போகுது?"

அவர் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். புது மண்ணை எடுத்தார். அது உடனே ஒட்டிக்கொண்டது. விரலிடுக்கில், நகத்தடியில், ரேகைகளில். வெறுப்பில் தோள் ஒருமுறை சிலிர்த்தது. உதறவில்லை. திரிக்கத் தொடங்கினார். இந்தக் கயிறு நேராக வரவில்லை, அங்கங்கே பருத்தும் மெலிந்தும் வந்தது. அதை வளைத்து, கீறி, மண் கூழ் தடவி, மேலே அழுத்தினார். இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை.

கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது.

"தர்மா, எடுத்து என் காதுல வை."

ஸைஃபுலின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "ம்மா, வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் வாரேன். சாமானெல்லாம் கட்டியாச்சா?"

பனி வாசலைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. பதுருன்னிசா அடுத்த கயிற்றைத் திரித்தபடியே பேசினார்.

"இந்த வெள்ளி வேணாம்பா. அடுத்த மாசம் வா. என் சாமான் இன்னும் ஈரமா இருக்கு."