பகல் தூக்கமும் பிட்காயின் பெட்டியும்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, இரண்டாம் மாடி வீட்டுக்குப் பதினான்கு கிலோ பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. உள்ளே இருந்தது, ஓயாமல் கணக்குப் போட்டு பிட்காயின் என்ற டிஜிட்டல் காசு சம்பாதிக்கும் இயந்திரம். அங்கே குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக் அதற்காக ஒன்பது வாரம் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தார். அன்று விடுப்பும் போட்டிருந்தார்.

அவர் மனைவி நர்ஸ். இரவு வேலை, பகல் தூக்கம். "சத்தத்துல நான் ஒரு தடவை முழிச்சாலும், பெட்டி வந்த வழியே திரும்பிப் போயிடும்" என்று முன்பே சொல்லிவிட்டாள்.

அவள் தூங்கியதும் அவர் பூனைபோல் நடந்து, சாமான் அறையில் இயந்திரத்தை வைத்து, வயர்களை மாட்டி, சுவிட்சைப் போட்டார். பத்து மிக்ஸி சேர்ந்து ஓடுவதுபோல் விசிறிகள் அலறின. அவர் ஓடிப்போய்ப் படுக்கையறைக் கதவில் காதை வைத்தார். உள்ளே அசைவே இல்லை. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தவர், எதற்கு வம்பு என்று அணைத்தார்.

உடனே மேல்வீட்டில் மரவேலை செய்துகொண்டிருந்த தச்சரின் சுத்தியல் சத்தம் கேட்டது. படுக்கையறைக் கதவும் திறந்தது.

"அதை ஏங்க நிறுத்தினீங்க?"

"உனக்குத் தொந்தரவா இருக்குமேன்னு…"

"ஒரு மாசமா அந்த ஆளு என் மண்டையிலேயே ஆணி அடிக்கிறாரு. இன்னிக்குத்தான் அது கேக்காம தூங்கினேன். போடுங்க!"

"அப்போ பெட்டி திரும்பிப் போகாதே?"

"நீங்க வேணா போங்க. அது இருக்கட்டும்."

அவர் சுவிட்சைப் போட்டார். அவள் மாலை நாலரை வரை தூங்கினாள்.