செலவாகாத தொகை

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு அணைக் கோட்ட அலுவலகத்துக்கு நிதி அமைச்சகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நாட்டின் வரி வருமானம் மதிப்பிட்டதைவிடக் குறைந்துவிட்டதால், வரவுக்கு மேல் செலவு கூடாது என்னும் அரசியலமைப்பின் புதிய பிரிவின்படி, அன்றுவரை செலவாகாத தொகை அனைத்தும் கருவூலத்துக்குத் திரும்புகிறது என்று அதில் இருந்தது.

கோட்டப் பொறியாளர் அதை நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். இரண்டாம் முறையும் அதுவேதான் இருந்தது.

அவளுடைய கோட்டத்தில் செலவாகாத தொகை என்று இருந்தது ஒரே ஒரு வேலைக்கான பணம். அணையின் எட்டு ஷட்டர்களில் நடுவிலிருக்கும் இரண்டை மாற்றுவது. போன வெள்ளத்தில் அந்த இரண்டும் பாதி ஏறும்போதே சிக்கிக்கொண்டன. ஜாக்கி வைத்து நெம்பி, ஆட்கள் மழையில் தொங்கிக்கொண்டு, ஒரு பகல் முழுக்கப் போராடித்தான் மேலே ஏற்ற முடிந்தது. ஷட்டரின் கதவு ஏறி இறங்குகிற இரும்புத் தண்டவாளம் துருப்பிடித்து இலை இலையாக உரிந்து கிடந்தது. அணை நிரம்பி நிற்கிற சமயத்தில் அவற்றில் ஒன்று பிய்த்துக்கொண்டால், தேங்கிய தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கிக் கீழே செங்கல் சூளைக் குடியிருப்பின் மேல் விழும். அங்கே நாலாயிரம் பேர் இருந்தார்கள். தண்ணீர் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

பழைய கதவைக் கழற்ற வேண்டுமானால் தண்ணீர் அதன் அடிக்கட்டைக்குக் கீழே இறங்கியாக வேண்டும். அது பிப்ரவரி நடுவில்தான் இறங்கும். ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். இடையில் கிடைக்கிற காலம்தான் வேலைக்கான காலம். ஆறு நிதியாண்டைப் பார்த்து ஓடுவதில்லை. அதனால் ஏப்ரலில் ஒதுக்கிய பணத்தைப் பத்து மாதமாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, வேறு பக்கம் ஒரு பைசா ஒழுகாமல் காத்து வைத்திருந்தாள். அதுதான் அவள் செய்த தவறு.

பக்கத்துச் சாலைக் கோட்டத்துப் பொறியாளர் அப்படிப்பட்ட தவறு எதையும் செய்கிறவர் அல்லர். அலுவலகத்தில் அவருக்கு ‘மே மாசம்’ என்று பெயர். ஏப்ரலில் வரும் ஒதுக்கீட்டை மே முடிவதற்குள் தீர்த்துக் கட்டிவிடுவார். புதிய பிரிவு வந்த முதல் ஆண்டே அதன் சூட்சுமம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது: கையில் வைத்திருப்பவனிடம்தான் பிடுங்குவார்கள். அந்த வருடம் அவர் மழை தொடங்குவதற்கு முந்தின வாரம் அவசர அவசரமாகத் தார் போட்டார். சாலை முதல் மழையிலேயே கரைந்து சாக்கடைக்குப் போனது. மிச்சத்துக்கு மூன்று பீரோவும் சுழல் நாற்காலிகளும் அலுவலகம் முழுக்கத் திரைச்சீலையும் வாங்கிப் போட்டார். உத்தரவு வந்த அன்று மத்தியானம் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரிக்கிறவர் மாதிரி அவளைப் பார்க்க வந்தார்.

“எனக்கு ஒரு ரூபா போகல மேடம். இருந்தாத்தானே போறதுக்கு.”

அவள் உத்தரவை மடித்துக் கோப்புக்குள் வைத்தாள்.

“நீங்களும் ஏதாவது வாங்கிப் போட்டிருக்கலாம்.”

“எதை வாங்கறது? ஷட்டருக்குத் திரைச்சீலையா?”

மே மாசம் சிரித்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, டீயை முடிக்காமலே எழுந்து போனார்.

அடுத்து பட்டறைக்காரர் வந்தார். புதிய கதவுகள் இரண்டையும் செய்து முடித்தவர் அவர். கதவு அணையில் இறங்கிப் பொருந்திய பிறகுதான் பணம் என்பது ஒப்பந்தம். கோட்டத்தின் வழக்கமும் அதுதான். அதை ஏற்படுத்தியவளும் அவளேதான். கதவுகள் அவருடைய பட்டறையை அடைத்துக்கொண்டு படுத்திருந்தன. வேறு வேலைக்கு இடமில்லை என்று முந்தின மாதம்தான் சிரித்துக்கொண்டே குறைப்பட்டிருந்தார். இப்போது சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை. வங்கியில் பட்டறையை அடமானம் வைத்துத்தான் இரும்பு எடுத்ததாகச் சொன்னார். கதவை உடைத்துப் பழைய இரும்பாக விற்றால் கால் பங்கு தேறுமா என்று அவளிடமே கேட்டார். அவளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை என்று அவள் சொன்னதற்குக் காரணம் தம்பி. தம்பி நாடாளுமன்ற உறுப்பினர். புதிய பிரிவை எழுதிய குழுவில் அவனும் ஒருவன். அணையின் வலது கால்வாய்ப் பாசனப் பகுதி முழுக்க அவன் தொகுதி. அந்தப் பிரிவு நிறைவேறிய நாளில் அவன் அவையில் பேசிய பேச்சை எல்லாச் செய்தித்தாள்களும் போட்டிருந்தன. அச்சகத்தில் வேலை பார்த்த எங்கள் அப்பா ஒரு நாளும் கடன் வாங்கியதில்லை, வரவுக்குள் வாழ்ந்தார், என் அக்காவைப் பொறியாளராக்கினார், ஒரு நாடு ஏன் அப்படி வாழக் கூடாது என்று கேட்டிருந்தான். அவை எழுந்து நின்று கை தட்டியதாம். அன்றைக்கு அவள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். தம்பி பேர் வாங்குகிறான், வாங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவன் வீட்டு முன்னறையில் மனு கொடுக்க வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டி நேரே உள்ளே போனாள். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உட்காரு அக்கா, சாப்பிடு என்றான். அவள் உட்காராமலே விஷயத்தைச் சொன்னாள். அவன் கவனமாகத்தான் கேட்டான். கேட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, அவள் எதிரிலேயே நிதி அமைச்சருக்குப் போன் போட்டான். குழைந்து பேசினான். இடையில் இரண்டு முறை ‘என் சொந்த அக்கா சார்’ என்றான். போனை வைத்தபோது அவன் முகம் தொங்கிப் போயிருந்தது.

விதிவிலக்கு வேண்டுமென்றால் அவையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதுவும் இயற்கைப் பேரிடருக்கு மட்டும். பேரிடர் நிகழ்ந்திருக்க வேண்டும். அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றான்.

“யார் எழுதினது?”

“நாங்கதான். நிகழலாம்னு எழுதினா ஆளாளுக்கு அதைச் சொல்லியே கடன் வாங்குவான் அக்கா. அந்த ஓட்டையை அடைக்கத்தான் அப்படி எழுதினோம்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, நல்ல செய்தி சொல்கிறவன் போலச் சொன்னான். “ஒண்ணு மட்டும் நிச்சயம். உடைஞ்சா, ஒரே நாள்ல பணம் ஒதுக்கிடுவாங்க.”



“நாலாயிரம் பேர் கீழ இருக்காங்கடா.”

“எனக்குத் தெரியாதா? அதுல பாதிப் பேர் எனக்கு ஓட்டுப் போட்டவங்க.” அவன் குரலும் உயர்ந்தது. தான் ஒன்றும் பைத்தியக்காரத்தனமாக அதை எழுதவில்லை என்றான். வசூலாகிற வரியில் பாதி, பழைய கடனின் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. விமானம் இறங்காத விமான நிலையம், ஆளில்லாத விளையாட்டரங்கம் எல்லாமே கடன். அந்த வட்டி மட்டும் இல்லாதிருந்தால் அவளுடைய ஷட்டரைப் பத்து வருடத்துக்கு முன்பே மாற்றியிருக்கலாம். இதில் எதுவும் பொய்யில்லை என்பது அவளுக்கும் தெரியும். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. பிறகு அவன் கேட்கக் கூடாததைக் கேட்டான்.

“மத்தவங்கல்லாம் முன்னாடியே செலவு பண்ணிட்டாங்க. நீ ஏன் பண்ணல?”

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். முன்னறையில் இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்றே நின்று சொன்னாள்.

“அப்பா கடன் வாங்கலேன்னு ஊருக்கே சொன்னியே. கூரை ஒழுகினப்போ சொசைட்டியில கடன் வாங்கித்தான் ஓடு மாத்தினார். என் காலேஜும் கடன்தான், உன் காலேஜும் கடன்தான். வாங்கினதையெல்லாம் அடைச்சார். வீடு மேல விழட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு அவர் உக்காந்திருக்கல.”

முன்னறையில் ஒருவர் இருமினார். தம்பி கதவைச் சாத்தினான்.

அடுத்த வாரம் தண்ணீர் அடிக்கட்டைக்குக் கீழே இறங்கியது. அவள் தினமும் அணை மேல் நடந்து போய்ப் பார்த்தாள். கதவுகள் மாற்றச் சொல்லிக் காட்டிக்கொண்டு நிற்பது போல் இருந்தன. மூடி வைத்தால் பிய்த்துக்கொள்ளலாம். வெள்ளம் வரும்போது தூக்கிக்கொள்ளலாம் என்றால், தூக்கும்போது சிக்கலாம். இப்போதே தூக்கி வைத்தால், அரித்துப் போன கம்பிக்கயிறு அறுந்து மழைக்காலத்தில் தானாகவே கீழே விழலாம். மூன்றையும் தவிர்க்க ஒரே வழி, தூக்கிய நிலையிலேயே கதவைத் தூணோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவது. பிறகு அது இறங்காது. அணையில் தண்ணீரும் தேங்காது. ஆறு வந்த வேகத்தில் போய்விடும். குடியிருப்பு பிழைக்கும். தாழ இருக்கிற இடது கால்வாய்க்கு எப்படியோ தண்ணீர் ஏறும். மேட்டில் இருக்கிற வலது கால்வாய்க்கு ஒரு சொட்டு ஏறாது.

ஆபத்தான கதவைப் பாதுகாப்பான நிலையில் நிறுத்தக் கோட்டப் பொறியாளருக்கு யாரையும் கேட்காமல் அதிகாரம் உண்டு. பணம் கேட்காத அதிகாரம் அது ஒன்றுதான். கிடங்கில் வெல்டிங் ராடு இருந்தது. அவள் பட்டறைக்காரரைக் கூப்பிட்டனுப்பினாள். விஷயத்தைச் சொன்னாள்.

“புதுக் கதவு மாட்ட வேண்டிய கையால பழைய கதவைத் தூக்கி ஒட்டச் சொல்றீங்க.”

“ஆமா.”

“கூலியாவது உண்டா?”

“என் சம்பளத்துல தரேன்.”

“வெச்சுக்கங்க மேடம். உங்க சம்பளத்துல கூலி வாங்கற அளவுக்கு நான் இன்னும் கீழ போயிடல” என்றார். சொன்ன விதத்தில் இருந்தது மரியாதை என்று அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டில் இரண்டைத் திறந்து வைத்தாலே அணை தேங்காது. அந்த இரண்டையும் இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து மூன்று நாள் பற்றவைத்தார்கள். கடைசி நாள் மத்தியானம் தம்பியின் கார் வந்து அணைச் சாலையில் நின்றது. அவன் இறங்கி வந்தபோது பொறி சிதறிக்கொண்டிருந்தது. கண்ணை மறைத்துக்கொண்டு, அவள் அருகில் வந்து, மெதுவாகப் பேசினான். வலது கால்வாய் முழுக்கத் தரிசாகும். தன் மாமனாருக்கே அங்கே பத்து ஏக்கர் இருக்கிறது. அடுத்த தேர்தலில் தன்னை அங்கே உள்ளேயே விட மாட்டார்கள். பேசிக்கொண்டே வந்தவன் பொறுமை இழந்தான்.

“நீ பண்றது பழி வாங்கறது அக்கா.”

“பழி வாங்கறதா இருந்தா மூடி வெச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். உங்க சட்டப்படி அதுக்குத்தான் பணம் கிடைக்கும்.”

அவன் காருக்குத் திரும்பினான். பட்டறைக்காரர் முகமூடியை இறக்கிக்கொண்டு மறுபடி குனிந்தார். தம்பி போன பிறகும் அவள் அங்கேயே நின்று, கடைசிப் பட்டையும் ஒட்டி முடிவதைப் பார்த்தாள். செய்தது சரி என்று ஆறுதல் கொள்ள முடியவில்லை. ஊருக்கு நடுவே ஓடுகிற ஆற்றை வேண்டுமென்றே வீணாக்கியிருக்கிறாள். அதற்குப் பெயர்தான் இனிமேல் சிக்கனம்.

ஜூனில் மழை பிடித்தது. வழக்கமான மழை. ஆகஸ்டில் ஒரு வாரம் ஆறு சிவந்து பெருகி அணையைக் கடந்து போனது. செங்கல் சூளைக் குடியிருப்பில் தண்ணீர் வாசற்படி வரை வந்து இறங்கிவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நடக்காத ஒன்றுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

பேசியவர்கள் வலது கால்வாய்க்காரர்கள். ஐந்து டிராக்டர்களில் அலுவலகத்துக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் தம்பியின் மாமனார். தோளில் துண்டும் நெற்றியில் வியர்வையுமாக, அவளுடைய மேசை மேல் ஒரு பிடி காய்ந்த மண்ணைக் கொட்டினார். ஆற்றில் தண்ணீர் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிலம் வெடிப்பதைப் பார்த்ததாகச் சொன்னார்.

“சம்பந்தி வீட்டுப் பொண்ணுன்னு பாக்கறேன். இல்லேன்னா வேற மாதிரி பேசியிருப்பேன்.”

“வேற மாதிரியே பேசுங்க. ஆனா என்கிட்ட மட்டும் பேசிட்டுப் போகாதீங்க. உங்க மாப்பிள்ளை வீட்டுக்கும் போங்க.”

“போனோம். உன்கிட்ட அனுப்பினார்.”

அவள் மண்ணைத் துடைக்கச் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகும் அது மாலை வரை மேசை மேலேயே கிடந்தது.

அக்டோபரில் தம்பி அவையில் எழுந்து, வலது கால்வாய்ப் பகுதிக்கு விதிவிலக்குப் பிரிவின் கீழ் நிவாரணம் கேட்டான். அந்த ஆண்டு மழை சராசரி அளவு பெய்திருப்பதால் அது இயற்கைப் பேரிடர் ஆகாது என்று அமைச்சகம் பதில் சொன்னது. அவன் உட்கார்ந்தான்.

நவம்பரில் கோட்டப் பொறியாளர் சாமான் கிடங்குப் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். அவளுடைய இடத்துக்கு மே மாசம் வந்தார். புதிய கதவுகளை வங்கி ஏலம் போட்டது; பழைய இரும்பு வியாபாரி ஒருவர் எடுத்தார். சந்தை வரியும் நீர்வரியும் குறைந்ததால் அணைக் கோட்டத்தின் அடுத்த ஒதுக்கீடு பாதியாக்கப்பட்டது.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, நாட்டின் வரவும் செலவும் சரியாக இருப்பதாக நிதி அமைச்சர் அவையில் அறிவித்தார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். வலது கால்வாயில் அந்த ஆண்டு நடவு நடக்கவில்லை.