படியில் ஈரம் இல்லை

தீயணைப்பு நிலையத்தில் அவருக்குக் குதிரை என்றுதான் பேர். கேலிக்காக வைத்ததில்லை. ஆண்டுக்கொரு முறை நடக்கும் உடல்தகுதித் தேர்வில் பல வருஷமாக அவர்தான் முதல். முதுகில் காற்று உருளை, தோளில் சுருட்டிய தண்ணீர்க் குழாய், இரண்டும் சேர்ந்து முப்பது கிலோ. அதோடு நாலு மாடி ஏறி இறங்கி, மைதானத்தை ஐந்து சுற்று ஓட வேண்டும். போன வருஷம் அவர் மூன்றாவதாக வந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவருக்குத்தான் அது முள்ளாகத் தைத்தது. நாற்பத்து மூன்று வயதுக்கு மூன்றாம் இடம் பெரிய விஷயம் என்று மனைவி சொன்னதைக்கூட, வயதைக் குத்திக் காட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டார்.

அடுத்த தேர்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு பழைய பையில் இருபது கிலோ மணலைக் கட்டி, முதுகில் மாட்டிக்கொண்டு காலையில் ஓட ஆரம்பித்தார். முதலில் இரண்டு கிலோமீட்டர். பத்தே நாளில் ஆறு. ஒரு மாதத்திலேயே வலது முட்டி முனகியது. முதலில் ஓடி முடித்த பிறகு வலித்தது. பிறகு ஓடும்போதே வலித்தது. கடைசியில் நாற்காலியை விட்டு எழும்போதும் வலித்தது. ஓய்வு கேட்ட காலுக்கு அவர் கொடுத்தது வலி மாத்திரையும் இறுக்கமான முட்டி உறையும்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அப்புறம் தொடங்கியது. குந்தி உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டுகிறவர், காலைப் பெஞ்சின்மேல் வைத்துக் கட்டினார். பயிற்சியில் ஏணி இறங்கும்போது எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் இறங்கினார். வீட்டு மாடிப்படியில் மட்டும் நடிக்கத் தெம்பில்லை; கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினார். பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த மனைவி, "நண்டு வேலைக்குக் கிளம்பிடுச்சா?" என்று கேட்டுப் பார்த்தாள். பிறகு கேலியை விட்டுவிட்டு, இயன்முறை மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கெஞ்சினாள். தேர்வு முடியட்டும் என்றார்.

மனைவியின் தம்பியும் அதே நிலையத்தில்தான் இருந்தான். எட்டு வருஷமாக ஒரே வண்டி. உள்ளே போனால் மாமனும் மைத்துனனும் ஜோடியாகத்தான் போவார்கள். அவனுக்கும் தெரியாமலில்லை. வண்டி கழுவும்போது ஒருமுறை கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதோடு விட்டுவிட்டான். அக்கா புருஷனைப் பற்றி அதிகாரியிடம் போட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. காலை பதினோரு மணிக்கு ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பிலிருந்து அழைப்பு. தரைத்தளத்து மின்பலகை எரிந்து, லிஃப்ட் நின்று, படிக்கட்டெல்லாம் புகை. நாலாவது மாடியில் நடக்க முடியாத ஓர் அம்மாள் இருந்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கனத்த உடம்பு. தூக்கு நாற்காலியில் வைத்துப் பட்டையால் கட்டினார்கள். படியில் இறங்கும்போது கீழ்ப்பக்கம் பிடிக்கிறவர்மேல்தான் பாரம் அதிகம். மைத்துனன் தான் கீழே பிடிப்பதாகச் சொன்னான்.

"நான் இருக்கும்போது நீ எதுக்குடா?" என்று அவர் முன்னால் போய்ப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது மாடி வரைக்கும் சரியாகத்தான் போயிற்று. அந்த அம்மாள் இருமலுக்கு நடுவே, "நேத்து கொஞ்சம் குறைச்சுச் சாப்பிட்டிருக்கலாம் தம்பி" என்றார். குதிரை சிரிக்கக்கூடச் செய்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் வலது காலை ஊன்றினார். கால் அங்கே இல்லை. முட்டி மடங்கி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி அவர்மேல் சாய்ந்தது. மேலே இருந்த மைத்துனன் மொத்தப் பாரத்தையும் பின்னுக்கு இழுத்தான். நாற்காலிச் சட்டத்துக்கும் இரும்புக் கைப்பிடிக்கும் நடுவே அவன் இடது கை மாட்டிக்கொண்டது. எலும்பு முறிகிற சத்தம் அவருக்கே கேட்டது. ஆனாலும் அவன் விடவில்லை. கீழே இருந்து இருவர் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மாளுக்குக் கீறல்கூட இல்லை. மைத்துனனுக்கு இரண்டு விரல் உடைந்திருந்தது.

மருத்துவமனையில் வைத்தே, படியில் ஈரம், மாமாவுக்கு வழுக்கிவிட்டது என்று அவன் எழுதிக் கொடுத்தான். நிலைய அதிகாரி அதைக் காட்டி அப்படித்தானா என்று கேட்டபோது குதிரை தலையை ஆட்டினார். ஒரு தலையாட்டல்தான், வாயைத் திறந்துகூடப் பொய் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் தம்பியைப் பார்த்துவிட்டு வந்த மனைவி, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"தீ கீழே. குழாயும் கீழேதானே இருந்திருக்கும். ரெண்டாவது மாடிக்குத் தண்ணி எப்படி ஏறிச்சு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. அவன் கையை விட்டிருந்தால் அந்த அம்மாள் என்னவாகியிருப்பார் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அதிகாரியிடம் போய் உள்ளதைச் சொன்னார். படியில் ஈரம் இல்லை, நாலு மாதமாக முட்டி வலி, மறைத்தது தான்தான். அதிகாரி அவரை வண்டியிலிருந்து எடுத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார். அதை அவர் எதிர்பார்த்திருந்தார். பொய்யாக எழுதிக் கொடுத்ததற்காக மைத்துனனின் பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்பதைத்தான் அவர் யோசிக்கவே இல்லை.

விஷயத்தை அவனிடம் சொல்லப் போனார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் கேட்டான்.

"உங்க மானத்தைக் காப்பாத்த நான் பொய் சொன்னேன் மாமா. உங்க மனசாட்சியைக் காப்பாத்த நீங்க என்னைப் பொய்யனாக்கிட்டீங்க. போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். அவருக்கு அதுதான் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லாமல் திரும்பி வந்தார்.

இயன்முறை மருத்துவர் சின்னப் பெண், சிரிக்காமல் பேசினாள். முட்டிச்சில்லுக்குப் பின்னால் உரசல், அதைத் தாங்க வேண்டிய தொடைத் தசையில் பலம் போதவில்லை என்றாள். மணல் மூட்டைக் கதையைக் கேட்டுவிட்டு, "சுமையையும் தூரத்தையும் ஒரே நேரத்துல ஏத்துனா முட்டி என்ன சார் பண்ணும்? சுமை இருந்தா நடங்க, ஓடாதீங்க" என்றாள். இப்போதைக்கு அதுவும் வேண்டாம். சுவரில் சாய்ந்து அரைகுறையாக உட்கார்ந்து எழ வேண்டும், ஒரு சாண் உயர முக்காலியில் ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான். முப்பது கிலோவோடு நாலு மாடி ஏறியவருக்கு அந்த முக்காலியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஆறாவது தடவையிலேயே தொடை நடுங்கியதும் வெட்கம் போய்ப் பயம் வந்தது.

கட்டுப்பாட்டு அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பதறுகிறவர்களிடம் முகவரி வாங்கும் வேலை. வெளியே சங்கு ஊதி வண்டி கிளம்பும்போதெல்லாம் அவர் உடம்பு நாற்காலியிலிருந்து எழப் பார்க்கும். பிறகு அடுத்த அழைப்பை எடுப்பார்.

நாலு மாதம் ஓடியது. மைத்துனன் வண்டிக்குத் திரும்பியிருந்தான், வேறொருவன் ஜோடி. சுண்டுவிரல் மட்டும் முழுசாக மடங்கவில்லை. அக்காவைப் பார்க்க வருவான். அவரிடம் பேச மாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வந்தான். அவர் முக்காலியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல் தொடர்ந்தார். அவன் கதவருகிலேயே நின்று பார்த்தான்.

"இறங்கும்போது பொத்துன்னு விழறீங்க. மெதுவா இறங்குங்க."

அவர் மெதுவாக இறங்கினார்.

"கோபம் போயிடுச்சான்னு கேக்காதீங்க. போகல."

"கேக்கல" என்றார் அவர்.

மறுபடி வண்டியில் ஏறுவீர்களா என்று அவன் கேட்டான். தெரியாது, அடுத்த வாரம்தான் சுமையில்லாமல் ஐந்து நிமிஷம் ஓடவிடப் போகிறார்கள் என்றார். கிளம்பிவிடுவான் என்று நினைத்தார். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அக்கா எப்போது வருவாள் என்று கேட்டான்.