சமரசம் என்றொரு ஒப்பந்தம்

ஐவார்ஸ் பேனா மூடியைக் கழற்றியதும் அவன் மனைவி இல்சே தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை, விடவுமில்லை. இத்தாலியின் அப்ருத்சோ மலையூரில் வீட்டுத் தரகன் கஸ்பாரேயின் அலுவலகம். எதிரே, வீட்டை விற்கும் நுன்சியா, கைப்பையை மடியில் நிறுத்தி, பல் டாக்டரிடம் முறை வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

சொந்த ஊரான ரீகாவிலிருந்து கிளம்புமுன் ஐவார்ஸ் குளிர்காலம் முழுக்க ஃபோனில் இத்தாலிய மொழி படித்திருந்தான். யானை பால் குடிக்கிறது என்பதைப் பிழையில்லாமல் சொல்வான். தாளின் தலைப்பில் 'கொம்ப்ரொமெஸ்ஸோ' என்றிருந்தது. அகராதியில் அதற்குச் சமரசம் என்று பொருள். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"சமரசம்தான் இல்சே. இப்ப கையெழுத்து. அப்புறம் ஏதாவதுன்னா பேசித் தீர்த்துக்கலாம்."

கிரயத்துக்கு முன்னால் போடும் ஒப்பந்தத்துக்கு அங்கே அதுதான் பெயர். கையெழுத்து விழுந்தபின் பேசித் தீர்க்க எதுவும் மிஞ்சாது என்பதை அகராதி சொல்லவில்லை. மூன்றாம் பக்கம் சொன்னது. வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் போச்சு. விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தரவேண்டும். அட்வான்ஸ் என்பது இல்சே தன் ஃப்ளாட்டை விற்ற பணம், முழுவதும். மீதிக்கு நம்பியிருந்த வங்கிக் கடன் இன்னும் பரிசீலனையில் இருந்தது.

"பேங்க் இல்லைன்னுட்டா?" என்றாள் கஸ்பாரேயிடம்.

"சாரைப் பாத்து யாராவது இல்லைன்னு சொல்வாங்களா, சிஞ்ஞோரா?"

"நானே இவர்கிட்ட ரெண்டு தடவை இல்லைன்னு சொன்னவதான். கடன் கிடைக்கலைன்னா அட்வான்ஸ் திரும்ப வரும்னு ஒரு வரி எழுதுங்க."

கஸ்பாரே அதை நுன்சியாவிடம் இத்தாலியத்தில் சொன்னான். அவள் முகம் சிவந்தது.

"நேத்து என் வீட்ல ரெண்டு தட்டு பாஸ்தா சாப்பிட்டாளே, அப்ப மட்டும் என்மேல நம்பிக்கை இருந்துச்சாமா? இவங்களுக்காக வேற ஆளைத் திருப்பி அனுப்பிட்டேன். இவங்க பேங்க் கைவிரிச்சா நான் எங்கடா போவேன்?"

"சிஞ்ஞோரா நுன்சியா யோசிக்கிறாங்க," என்று மொழிபெயர்த்தான் கஸ்பாரே.

ஐவார்ஸுக்கு 'எங்கே' மட்டும் புரிந்தது. எதைத் தேடுகிறாள் என்று சன்னல் பக்கம் பார்த்தான்.

இல்சே அவன் கையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஓரத்தில் தனக்குத் தெரிந்த இத்தாலியத்தில், இரண்டு எழுத்துப்பிழைகளோடு, அந்த வரியைத் தானே எழுதி, தாளை நுன்சியா பக்கம் தள்ளினாள்.

நுன்சியா கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக்கு அடியில் விரலை நகர்த்திப் படித்தாள். 'வங்கி' என்ற இடத்தில் விரல் நின்றது. மை இன்னும் காயவில்லை. அவள் விரல்நுனியில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது.